கயாக்கைக் காரின் மேல் கட்டிக்கொண்டு போவது: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

மே மாதம் பிறந்து குளிர் கொஞ்சம் விட்டதும் யாராவது ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்பார்: "அண்ணை, கயாக் ஒன்று வாங்கியிருக்கிறன், என்ன ரூஃப் ராக் போடலாம்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் காரின் கூரை எத்தனை கிலோ தாங்கும்? அதற்கு உடனே பதில் சொன்னவர் இதுவரை ஒருவரும் இல்லை.

பெரும்பாலானவர்கள் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். கடையில் மலிவாகக் கண்ணில் பட்ட கயாக்கை வாங்கி, அதை வீட்டுக்குக் கொண்டுவர வழி தேடி, விலை குறைந்த ராக் ஒன்றை ஆர்டர் பண்ணி, டிக்கிக்குள் கிடந்த ஏதோ ஒரு கயிற்றால் கட்டி, அப்படியே நெடுஞ்சாலை 401-இல் ஏறிவிடுகிறார்கள். 20 கிலோவுக்கு மேல் எடையும் 3 மீட்டருக்கு மேல் நீளமும் உள்ள துடுப்புப் படகு ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் தலைக்கு மேலே வருகிறது. கழன்றால் அது போய் விழுவது பின்னால் பிள்ளைகளோடு வருகிற யாரோ ஒருவரின் முன்கண்ணாடியில். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இருப்பது ஸ்காபரோவில். கோடையில் அனேகமாக ஒவ்வொரு கிழமையும் லோறன்ஸ் அவெனியூ கிழக்கின் முடிவில் இருக்கிற ரூஜ் பீச்சுக்குப் போவோம், வருடத்தில் மூன்று நாலு தடவை கவார்த்தா ஏரிகளுக்கோ அல்கோன்குயின் பூங்காவுக்கோ போவோம். கீழே சொல்வது எல்லாம் இந்த ஒன்ராறியோ வீதிகளை மனதில் வைத்துத்தான். வேறு மாகாணத்திலோ வேறு நாட்டிலோ இருந்தால் சட்டம் பற்றிய பகுதியை மட்டும் உங்கள் இடத்துக்கு ஏற்ற மாதிரிப் பாருங்கள், மற்றதெல்லாம் எங்கும் ஒன்றுதான்.

வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் கார், பிறகு உங்கள் தோள், பிறகு கூரைக்குக் குறுக்கே பூட்டுகிற குறுக்குக் கம்பி, பிறகு அந்தக் கம்பியின் மேல் கயாக்கை ஏந்துகிற தாங்கி, கடைசியில் கட்டு. கயாக் இன்னும் வாங்கவில்லை என்றால் இன்னும் நல்லது, காரையும் தோளையும் பார்த்துவிட்டு வாங்கலாம்.

கையேட்டை எடுங்கள்

கார் கையேட்டில் கூரைச் சுமை என்று ஓர் எண் இருக்கும். சிறிய கார்களிலும் நடுத்தர எஸ்யூவிகளிலும் பெரும்பாலும் 45 கிலோவுக்கும் 75 கிலோவுக்கும் இடையில் வரும். சில கார்களில் கூரையில் எதுவுமே ஏற்றக் கூடாது என்றே எழுதியிருக்கும், அப்படி இருந்தால் அதோடு விட்டுவிடுங்கள், வேறு வழிகள் இருக்கின்றன, பின்னால் சொல்கிறேன். கூரை முழுக்கக் கண்ணாடியாக இருந்தால் அதே மாடலுக்கே எண் வேறாக இருக்கலாம், அதையும் கவனித்து வாசியுங்கள்.

அந்த எண் கயாக்குக்கு மட்டும் உரியது அல்ல, கம்பியும் தாங்கியும் அதற்குள்தான் அடங்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூரை 75 கிலோ தாங்கும். குறுக்குக் கம்பி இரண்டும் அவற்றைக் கூரையோடு பிடிக்கிற கால்களும் சேர்ந்து 7 கிலோ, இரண்டு கயாக்குக்கான தாங்கிகள் இன்னொரு 7 கிலோ. மிச்சம் 61. பத்து அடிப் பிளாஸ்டிக் கயாக் ஒன்று 20 முதல் 22 கிலோ வரும், ஆகவே இரண்டை ஏற்றலாம், கவலையில்லை. அதே கூரையில் மீன்பிடிக் கயாக் ஒன்றை ஏற்ற நினைத்தால் அது தனியாகவே 40, 45 கிலோ வந்துவிடும், கூட இன்னொன்றுக்கு இடமே இல்லை. கூரை 45 கிலோதான் என்றால் ஒரு கயாக், அவ்வளவுதான். துடுப்பு, உயிர்காப்பு அங்கி, சாப்பாட்டுப் பை எல்லாம் காருக்குள் போகட்டும், கயாக்கின் வயிற்றுக்குள் வைத்து மேலே ஏற்றாதீர்கள்.

கூரைக்கு ஓர் எண் இருப்பது போலக் கம்பிக்கு ஓர் எண், தாங்கிக்கு ஓர் எண் உண்டு. மூன்றையும் பக்கத்தில் எழுதி, எது சிறியதோ அதுதான் உங்கள் எல்லை. கம்பியின் பெட்டியில் 75 கிலோ என்று போட்டிருந்தால் 50 கிலோக் கூரை 75 தாங்கிவிடாது.

கூரையை உற்றுப் பாருங்கள்

காருக்குப் பக்கத்தில் நின்று கூரையின் ஓரத்தைப் பாருங்கள். நீளவாக்கில் இரண்டு கம்பி ஓடி, அதற்கும் கூரைக்கும் நடுவே விரல் போகும் அளவு இடைவெளி இருந்தால் உங்களுக்கு வேலை சுலபம், எந்த நிறுவனத்தின் ராக்கும் அதைக் கவ்விக்கொள்ளும். நீளக் கம்பி இருக்கிறது, ஆனால் கூரையோடு ஒட்டியபடி இடைவெளி இல்லாமல் ஓடுகிறது என்றால் அதற்கென்று தனிக் கால் வேண்டும். ஒன்றுமே இல்லாத வெறும் கூரை என்றால் கதவைத் திறந்தால் தெரிகிற மேல் விளிம்பைக் கவ்வும் வகை. சில கார்களில் கூரையில் சின்னப் பிளாஸ்டிக் மூடிகள் நாலு இருக்கும், அவற்றைக் கழற்றினால் உள்ளே ஆணி பூட்டுகிற துளைகள் தெரியும், அதுதான் எல்லாவற்றிலும் உறுதியான இணைப்பு.

எஸ்யூவியில் நீளக் கம்பி மட்டும் இருப்பதைப் பார்த்து "எனக்கு ராக் இருக்கிறது" என்று சிலர் நினைக்கிறார்கள். குறுக்கே கம்பி இல்லாமல் ராக் என்பது இல்லை. கயாக்கை அந்த நீளக் கம்பியில் மட்டும் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

ராக் என்று கடையில் விற்பது உண்மையில் மூன்று பொருள். குறுக்குக் கம்பி, அதைத் தாங்கும் கால், அந்தக் காலை உங்கள் காரோடு பொருத்துகிற ஃபிட் கிட். கம்பியையும் காலையும் கார் மாறினாலும் வைத்துக்கொள்ளலாம். ஃபிட் கிட் அப்படியல்ல, அது உங்கள் காரின் மாடலுக்கும் வருடத்துக்கும் என்றே செய்தது, ரப்பர்த் திண்டின் வளைவும் கவ்வியின் கொக்கியும் காருக்குக் கார் வேறு. இதை நான் கற்றுக்கொண்ட விதம் நல்ல விதம் அல்ல. முதல் ராக்கை இரண்டாம் கையாக வாங்கினேன், நல்ல நிறுவனத்தின் பொருள், புதிது மாதிரியே இருந்தது, விற்றவரிடம் இருந்ததும் என்னுடைய மாதிரிக் கார்தான், ஆனால் பழைய வடிவம். கவ்வி கதவு விளிம்பில் உட்கார்ந்த மாதிரித்தான் தெரிந்தது, இறுக்கினேன், இறுகியது. பீற்றர்பரோப் பக்கம் போகிற நெடுஞ்சாலை 115-இல் அரை மணி நேரம் ஓடிய பிறகு தலைக்கு மேலே டொக், டொக் என்று ஒரு சத்தம். ஓரத்தில் நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். முன்கம்பியின் ஒரு கால் நாலு விரல் அகலத்துக்குப் பின்னால் நகர்ந்து, கதவின் ரப்பரைச் சுருட்டிக்கொண்டு, பெயின்ற்றில் ஒரு நீளக் கீறலைப் போட்டிருந்தது. கயாக்கின் மூக்கிலிருந்து பொனட்டுக்கு இழுத்துக் கட்டியிருந்த ஒரே ஒரு கயிறு மட்டும்தான் அப்போது எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தது. கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், வீணைத் தந்தி போல் விறைத்து நின்றது. பின் இருக்கையில் மகள் நித்திரை.

ஆகவே இரண்டாம் கையாக வாங்குவதில் பிழையில்லை, காசு மிச்சம், ஆனால் ஃபிட் கிட்டை மட்டும் உங்கள் காருக்கென்று புதிதாக வாங்குங்கள். தூலே, யாக்கிமா போன்ற பெரிய நிறுவனங்களின் இணையத்தளத்தில் காரின் பெயர், மாடல், வருடம், கதவு எத்தனை என்று கொடுத்தால் எந்தக் கிட் என்று இலக்கத்தோடு காட்டிவிடும். நல்ல ராக் முழுதாக வாங்கினால் சாதாரணக் கயாக் ஒன்றின் விலையைத் தொட்டுவிடும், அதை முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

கம்பியில் சதுரமும் உண்டு, விமானச் சிறகு போல் தட்டையானதும் உண்டு. சதுரம் மலிவு, எந்தத் தாங்கியும் அதில் நிற்கும், ஆனால் வெறுமையாக ஓடும்போது காற்று ஊளையிடும். கோடையில் மட்டும் போட்டுக் கழற்றுபவர்களுக்குச் சதுரமே போதும் என்பது என் அபிப்பிராயம். வருடம் முழுக்கக் கூரையிலேயே விடப்போகிறீர்கள் என்றால் தட்டையானதற்குக் கூடக் காசு கொடுங்கள், எரிபொருள் செலவும் அதற்கேற்பக் குறையும்.

இரண்டு கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுகிறீர்கள் என்பது கம்பியின் விலையைவிட முக்கியம். கார் இடம் தரும் மட்டும் தள்ளி வையுங்கள். 60 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் நீளமான கயாக் தராசுக் கோல் போல் ஆடத் தொடங்கும். பூட்டும்போது ராக்கோடு வந்த சாவியாலேயே, கையேட்டில் சொன்ன அளவு மட்டும் இறுக்குங்கள்.

தோள் என்ன சொல்கிறது

அடுத்தது நீங்கள். கார் எவ்வளவு உயரம், உங்கள் கை எட்டுகிற உயரம் எவ்வளவு, கூட எப்போதும் இன்னொருவர் வருவாரா, இல்லைத் தனியாகப் போவீர்களா?

கயாக் என்ற சொல்லே வடக்கே வாழும் இனுவிட் மக்களுடையது. எலும்பிலோ, கடலில் மிதந்து வந்த மரத்திலோ சட்டம் செய்து கடல்நாய்த் தோல் போர்த்திய அந்தப் படகை ஓர் ஆள் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். நமக்குக் கடையில் கிடைப்பது வார்ப்புப் பிளாஸ்டிக். உறுதியானது, விலை குறைந்தது, ஆனால் கனம். வாங்கும்போது 18 கிலோவுக்கும் 25 கிலோவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. நாலு மணி நேரம் துடுப்புப் போட்டுக் களைத்து, ஈரக்கையோடு, தலைக்கு மேலே தூக்கும்போது அந்த 7 கிலோ நன்றாகவே தெரியும். கடையிலேயே கயாக்கைக் கையில் தூக்கி உங்கள் நெஞ்சுக்கு மேலே ஒரு தடவை கொண்டுபோய்ப் பாருங்கள், விற்பனையாளர் ஒன்றும் நினைக்க மாட்டார்.

தாங்கிகளில் நாலைந்து வகை இருக்கிறது. மிகவும் எளியது ஸ்பொஞ்சுக் கட்டை, கம்பிக்குப் பதிலாகவே சிலர் வெறும் கூரையில் வைத்துக் கட்டுவார்கள். அல்கோன்குயினில் கனூ (மேலே திறந்த துடுப்புப் படகு) வாடகைக்கு எடுத்தாலும் பல இடங்களில் ஸ்பொஞ்சுக் கட்டையும் கயிறும்தான் தருவார்கள். பக்கத்து ஏரிக்கு மெதுவாகப் போய்வர அது சரி. 401 போன்ற 400 தர நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் போக அதை நான் நம்ப மாட்டேன்.

சேணம் மாதிரி இருக்கிற தட்டைத் தாங்கிகளில் கயாக் நிமிர்ந்து படுக்கும். உயரம் குறைவு, காற்றும் குறைவாகப் பிடிக்கும், பின்பக்கத் தாங்கியில் வழுக்கும் துணியோ உருளையோ இருந்தால் டிக்கிப் பக்கத்திலிருந்து தள்ளி ஏற்றலாம். தனியாகப் போகிறவர்களுக்கு இதுதான் முதல் தெரிவு. கூரையில் இடத்தை நிறைய எடுக்கும், சின்னக் காரில் இரண்டு கயாக் பக்கத்தில் பக்கத்தில் நிற்காது.

ஜே வடிவத் தாங்கிதான் எல்லாருக்கும் தெரிந்தது. கயாக் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும், பிளாஸ்டிக் கயாக்குக்கு அடிப்பகுதியைவிட விலா உறுதி என்பதால் அப்படி வைப்பது அதற்கும் நல்லது, இரண்டு கயாக்குக்கு இடமும் போதும். ஆனால் கயாக்கை அந்த வளைவின் உதட்டுக்கு மேலாகத் தூக்க வேண்டும். என் மனைவி 5 அடி 1 அங்குலம். எங்கள் எஸ்யூவியின் கூரை 1.7 மீட்டர், கம்பி அதற்கு மேலே, ஜேயின் உதடு இன்னும் மேலே. முதல் வருடம் அவர் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்கிற நேரத்தில் நான் முன்பக்கத்தை வைக்கத் தடுமாறுவேன். ஒரு நாள் அவருடைய தோள் பிடித்துக்கொண்டு இரண்டு கிழமை கையைத் தூக்க முடியவில்லை. அடுத்த வருடம் ஜேயைக் கழற்றிவிட்டுச் சேணத் தாங்கிக்கு மாறினோம், கூடவே 40 டொலருக்குள் மடக்குகிற படிக்கட்டு ஒன்று. அந்தப் படிக்கட்டை ஜேயை வாங்கும்போதே வாங்கியிருக்க வேண்டும்.

காசு பிரச்சினை இல்லை, தோளோ முதுகோ பிரச்சினை என்றால், பக்கவாட்டில் இடுப்பளவுக்கு இறங்கிவந்து கயாக்கைக் கட்டிய பிறகு வாயு உருளையின் உதவியோடு மேலே ஏறுகிற தாங்கிகள் உண்டு. தூலேயின் ஹல்லவேற்றர் அந்த வகை, 18 கிலோ வரையிலான பாரத்தைத் தானே சுமக்கும். விலை அதிகம், ஆனால் அறுபது வயதுக்கு மேலும் தனியாக ஏரிக்குப் போக அது ஒரு வழி. தாங்கியே கனம், கூரைக் கணக்கில் அதைச் சேர்க்க மறக்காதீர்கள்.

கொண்டோ என்கிற அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். நிலக்கீழ்த் தரிப்பிடத்தின் வாசலில் தொங்குகிற உயர அளவை இன்றே போய் வாசியுங்கள். 2 மீட்டர் என்று இருந்தால், எஸ்யூவியும் கம்பியும் நிமிர்ந்து நிற்கிற ஜேயும் சேர்ந்து கயாக் இல்லாமலேயே தட்டிவிடும். மடங்குகிற ஜே இருக்கிறது, அதை வாங்குங்கள். கயாக் வைக்கவே இடமில்லை, கூரை எண்ணும் குறைவு என்றால் காற்றடிக்கிற கயாக்கைப் பற்றி யோசியுங்கள். இப்போது வருகிறவற்றில் நல்ல தரமானவை இருக்கின்றன, பையில் மடித்து டிக்கியில் போட்டால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை.

ஏற்றுவது

காரைச் சமதரையில், காற்று கயாக்கைப் பிடிக்காத பக்கமாக நிறுத்துங்கள், கைப்பிரேக் போடுங்கள். கயாக்கின் உள்ளே தண்ணீர், மணல், கழன்ற இருக்கை எதுவும் இல்லையென்று பாருங்கள்.

இரண்டு பேர் என்றால் ஆளுக்கொரு முனை, கைப்பிடியில் பிடிக்காமல் உடம்பைப் பிடியுங்கள், முழங்காலை மடித்து எழும்புங்கள், ஒருவர் மட்டுமே கட்டளை சொல்லட்டும். தனியாள் என்றால் காருக்குப் பின்னால் கயாக்கை நீளவாக்கில் போட்டு, பின்கண்ணாடியின் மேல் பழைய யோகா விரிப்பு ஒன்றையோ தடித்த துவாயையோ போட்டு, மூக்கைத் தூக்கிப் பின்தாங்கியில் சாத்துங்கள். பிறகு வால் பக்கம் போய்த் தூக்கித் தள்ளினால் முன்னுக்கு வழுக்கிப் போகும். இப்படிச் செய்தால் எந்த நேரமும் நீங்கள் தூக்குவது பாதிப் பாரம்தான். கூரையின் பின்னுக்கு நிற்கிற அன்ரெனாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கயாக்கின் நடு, இரண்டு கம்பிக்கும் நடுவில் வர வேண்டும். டிக்கிக் கதவு திறக்கும்போது வாலில் முட்டுமா என்று மெதுவாகத் திறந்து பாருங்கள். முன்கண்ணாடிக்கு உள்ளே கமரா வைத்த கார்களில் மூக்கு அதை மறைத்தால் பாதை காக்கும் வசதியும் தானியங்கிப் பிரேக்கும் குழம்பலாம், கையேட்டில் அதற்கும் ஒரு வரி இருக்கும்.

கட்டுவது

நெம்புகோலால் இறுக்குகிற பட்டியான ராட்செட் ஸ்ட்ராப் வேண்டாம். லொறிச் சாமான் கட்ட அது நல்லது, ஆனால் அந்த நெம்புகோல் தருகிற பலம் கயாக்குக்குக் கூட, பிளாஸ்டிக்கை நெளித்துவிடும், ஃபைபர் என்றால் வெடிப்பு விழும். கையால் இழுத்தால் பக்கிளின் பற்கள் கவ்விக்கொள்கிற கேம் பக்கிள் ஸ்ட்ராப் வாங்குங்கள், 3.5 மீட்டருக்கும் 4.5 மீட்டருக்கும் இடையில், கயாக் ஒன்றுக்கு இரண்டு. நைலோன் நனைந்தால் நீளும், பொலியெஸ்ரர் பார்த்து வாங்குங்கள்.

பக்கிள் உங்கள் பக்கம் இருக்க, மறு முனையைக் கயாக்குக்கு மேலால் போடுங்கள், எறியாதீர்கள், இரும்பு போய்க் கண்ணாடியில் அடிக்கும். மறுபக்கம் போய் அந்த முனையைக் குறுக்குக் கம்பிக்கு அடியால் எடுத்து, திரும்பவும் கயாக்குக்கு மேலால் உங்கள் பக்கத்துக்கு அனுப்புங்கள். இந்தப் பக்கமும் கம்பிக்கு அடியால் எடுத்து மேலே பக்கிளுக்குக் கொண்டுவாருங்கள். கம்பிக்கு அடியால், காருக்கு நடுப்பக்கமாக, கயாக்குக்கும் ராக்கின் காலுக்கும் நடுவே வர வேண்டும், காலுக்கு வெளியே போனால் ஸ்ட்ராப் நுனிக்கு வழுக்கிக் கழலும். தாங்கியின் பிளாஸ்டிக்கை மட்டும் சுற்றிக் கட்டாதீர்கள், தாங்கி உடைந்தாலும் கயாக் கம்பியோடு நிற்க வேண்டும்.

பக்கிளின் பற்களுக்கு எந்தப் பக்கமாக நுழைக்க வேண்டும் என்பதை ஒருமுறை வீட்டில் வைத்துப் பழகுங்கள், பிழையாகச் செருகினால் பூட்டிய மாதிரித் தெரியும், கையால் இழுத்தால் வழுக்கும். இறுக்குவது கைப்பலத்தால் மட்டும், தொங்கி இழுக்க வேண்டாம். ஸ்ட்ராப் தொட்ட இடத்தில் கயாக் உள்ளே குழியத் தொடங்கினால் கூடிவிட்டது. கயாக்குக்கும் கம்பிக்கும் நடுவே வெறும் காற்றில் ஓடுகிற துண்டுக்கு ஒரு முறுக்குக் கொடுங்கள், தட்டையாக விட்டால் நெடுஞ்சாலையில் வண்டு மாதிரி இரையும். மிச்ச வாலைக் கம்பியில் சுற்றி முடிந்துவிடுங்கள். கதவுக்குள் வைத்துச் சாத்தினால் மழையில் அந்த ஸ்ட்ராப் வழியாகவே தண்ணீர் இருக்கைக்கு இறங்கும்.

இப்போது முன்கயிறும் பின்கயிறும். "பக்கத்து ஏரிக்குத்தானே" என்று எல்லாரும் விட்டுவிடுவது இதைத்தான், நான் விடவே மாட்டேன் என்பதற்குக் காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். காற்று பிடிப்பது மூக்கை, எங்கள் ஊர்க் கடற்கரையில் அணியம் என்று சொல்வார்களே, அந்த இடத்தை. பெரிய லொறி முந்தும்போது அது மேலே எழும்பப் பார்க்கும், அந்த இழுவை எல்லாம் முன்கம்பியின் காலுக்குப் போகும். முன்கயிறு இருந்தால் அந்தப் பாரம் பங்குபடும், அதோடு அது கண்ணுக்கு முன்னால் நிற்பதால் தளர்ந்தால் ஓட்டும்போதே தெரிந்துவிடும்.

இப்போதைய கார்களில் முன்னுக்குக் கட்ட இடமே இருக்காது. அதற்கென்று நாடா வளையங்கள் விற்கிறார்கள், பொனட்டைத் திறந்து ஓரத்தில் இருக்கிற ஆணி ஒன்றில் பூட்டிவிட்டால், வேண்டிய நேரம் வெளியே எடுத்து பொனட்டைச் சாத்தலாம், வேண்டாத நேரம் உள்ளே மடக்கிவிடலாம். பின்னுக்கு இழுவைக் கொக்கி இருந்தால் அதில் கட்டலாம்.

கட்டும் முடிச்சு: ஒரு முனையைக் கயாக்கின் மூக்கில் இருக்கிற உறுதியான வளையத்தில் முடிந்துவிடுங்கள். கயிறு கீழே வருகிற வழியில், நெஞ்சு உயரத்தில், கயிற்றை இரண்டு தரம் முறுக்கி ஒரு கண் செய்யுங்கள். அதற்குக் கீழே தொங்குகிற கயிற்றில் ஒரு மடிப்பை எடுத்து அந்தக் கண்ணுக்குள் செருகி இழுத்தால் சின்ன வளையம் ஒன்று நிற்கும். பிறகு முனையைக் கீழே பொனட் வளையத்துக்குள் விட்டு, மேலே கொண்டுவந்து இந்தச் சின்ன வளையத்துக்குள் நுழைத்து, கீழ்நோக்கி இழுங்கள். கிணற்றுக் கப்பியில் இழுப்பது போல் கை சொன்னபடி கேட்கும். இறுகியதும் வளையத்துக்குள் கயிறு மடிகிற இடத்தை மற்றக் கையின் இரண்டு விரலால் நெரித்துப் பிடித்துக்கொண்டு, முனையால் இரண்டு அரைமுடிச்சுப் போடுங்கள். அவிழ்க்கும்போது அரைமுடிச்சை எடுத்து இழுத்தால் வளையமே காணாமல் போய்விடும். வரவேற்பறையில் கதிரைக் காலில் பத்துத் தரம் போட்டுப் பழகுங்கள், ஏரிக்கரையில் நுளம்பு கடிக்கும்போது பழக முடியாது. இந்தக் கயிறுகள் தளராமல் நின்றால் போதும், மூக்கை வளைக்கிற அளவுக்கு இறுக்க வேண்டாம். மிச்சக் கயிறு சில்லுக்குப் போகாதபடி சுற்றிவிடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு கயாக்கின் மூக்கை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். கயாக் மட்டும் ஆடினால் திரும்பக் கட்ட வேண்டும். கார் முழுவதும் ஸ்பிரிங்கில் ஆடினால் கட்டு சரி. பின்பக்கமும் அப்படியே.

வீதியில்

ஒன்ராறியோச் சட்டப்படி பாரம் வாகனத்தின் பின்புறத்துக்கு வெளியே 1.5 மீட்டரோ அதற்கு மேலோ நீண்டிருந்தால் பகலில் அதன் நுனியில் சிவப்புக் கொடியோ சிவப்பு அடையாளமோ இருக்க வேண்டும், சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பிருந்து உதித்து அரை மணி பின்பு வரை சிவப்பு விளக்கு இருக்க வேண்டும். பத்து அடிக் கயாக்குக்கு இது வராது. 17 அடிக் கடல் கயாக்கைச் சின்னக் காரில் வைத்தால் வரலாம், அளந்து பாருங்கள். நான் எந்த நீளமானாலும் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுவேன், தரிப்பிடத்தில் நடந்து போகிறவர்களின் முகத்துக்கும் அது நல்லது.

புறப்பட்டுப் பதினைந்து நிமிடத்தில் முதல் நிறுத்தம், நெடுஞ்சாலையில் ஏறும் முன்பே. ஸ்ட்ராப் எப்போதும் கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கும், ஓட ஓடக் கயாக் தாங்கியில் நன்றாகப் படிந்துவிடும். பிறகு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, மழை பெய்தால் மழை விட்டதும் ஒரு தடவை. வேகம் 90 முதல் 100, வலப்பக்க ஒழுங்கை. பக்கக் காற்று உள்ள நாளில், முக்கியமாக பேர்லிங்டன் ஸ்கைவே மாதிரி உயர்ந்த பாலங்களில், இன்னும் குறைக்க வேண்டும். பிரேக்குக்கு வழமையைவிடக் கூட இடம் விடுங்கள். எரிபொருள் கூடச் செலவாகும், மின்சாரக் காரில் ஓடுகிற தூரம் கண்ணுக்குத் தெரியக் குறையும், சார்ஜ் பண்ணும் இடத்தை அதற்கேற்பத் திட்டமிடுங்கள். மழை வரும்போலிருந்தால் உட்காரும் பள்ளத்துக்கு மூடி போடுங்கள், நிமிர்ந்து கிடக்கிற கயாக் தொட்டி மாதிரி நிரம்பும், அந்தத் தண்ணீரும் உங்கள் கூரைக் கணக்கில்தான்.

கடும் வெயிலில் நீண்ட நேரம் நிறுத்தினால் ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள், சூட்டில் இளகிய பிளாஸ்டிக்கில் தாங்கியின் அச்சு விழுந்துவிடும். விழுந்தாலும் பயமில்லை, கழற்றி வெயிலில் கவிழ்த்து விட்டால் பெரும்பாலும் தானாகவே நிமிரும். புறப்படும் முன் திரும்ப இறுக்க மறக்காமல் இருக்க, தளர்த்தியதும் கார்ச் சாவியில் ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டுக்கொள்வேன்.

திரும்பி வரும்போது

ஏரியை விட்டுக் கிளம்பும் முன் கயாக்கில் ஒட்டிய பாசி, செடி, சிப்பி எல்லாவற்றையும் எடுத்து, உள்ளே இருக்கிற தண்ணீரை அங்கேயே வடித்துவிட வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் இது சட்டம், கயாக்குக்கும் உண்டு. வரிக்குதிரைச் சிப்பி என்கிற, வெளியிலிருந்து வந்து பரவிய சின்னச் சிப்பி 1988-இல் செயின்ற் கிளயர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது, இன்று எத்தனையோ ஏரிகளில் வெறுங்காலோடு இறங்க முடியாதபடி கரையை நிறைத்துக் கிடக்கிறது. அது ஏரிக்கு ஏரி போவது இப்படி நம்முடைய படகுகளில்தான். இரண்டு நிமிட வேலை, ஒரு பழைய துணி போதும்.

திரும்பும் நேரம்தான் எல்லாரும் களைத்திருப்பார்கள், காலையில் பார்த்துப் பார்த்துக் கட்டியதை மாலையில் அவசரமாகச் சுற்றிவிடத் தோன்றும். இருட்டினால் தலையில் கட்டுகிற விளக்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மூக்கைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பதை மாலையிலும் செய்யுங்கள்.

வீட்டுக் கராஜ், கோப்பிக் கடையின் டிரைவ் த்ரூ, கொண்டோ வாசல் மூன்றும் கூரையில் கயாக் இருப்பதை மறந்த ஓட்டுநருக்காகவே காத்திருக்கின்றன. கயாக் ஏற்றியதும் கராஜ் ரிமோட்டைக் கழற்றி டாஷ்போர்ட் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். வீட்டு வாசலில் அதைத் தேடுகிற அந்த அரை நிமிடத்தில் ஞாபகம் வந்துவிடும்.

ராக்கைக் கழற்றுவது எப்போது என்று கேட்டால், குளிர்காலச் சில்லு மாற்றுகிற அன்று. வீதியில் கொட்டுகிற உப்பு அதன் ஆணிகளைப் பிடித்துவிட்டால் அடுத்த வசந்தத்தில் அசையாது. கழற்றும் முன் ஒவ்வொரு காலும் இருக்கிற இடத்தைக் கதவு விளிம்பில் சின்னத் துண்டு டேப்பால் குறித்து, நிழற்படமும் எடுத்து வையுங்கள். கதவு ரப்பரைத் துடைத்து, ஆணிகளுக்குக் கொஞ்சம் கிரீஸ் போட்டு, ஃபிட் கிட்டின் சின்னச் சாமான்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, அந்தப் பையைக் கம்பியோடேயே கட்டித் தொங்கவிடுங்கள்.